குடிப்பதை மறுக்கிறார்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபேட்டி லிவர்’ என்று பார்த்ததும் நீங்கள் சிரிக்கிறீர்கள். போன மாதம் உங்கள் ஓ.பி.யில் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “இது இப்ப ஊர்ல எல்லாருக்கும் இருக்கும்மா, போங்க” என்று ஒரு பெண்ணை அரை நிமிஷத்தில் அனுப்பிவிட்டீர்கள். கோபப்படாதீர்கள், நானும் அனுப்பியவள்தான். ஓய்வு பெற்ற டாக்டர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தான் பிழைக்க வைத்தவர்களின் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டு திரிவார்கள். எனக்கு அந்த வியாதி வரவில்லை. நான் கெடுத்த கதை ஒன்று இருக்கிறது, அது மற்றதையெல்லாம் மறக்கடித்துவிட்டது.

பாடத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன், பிறகு மனிதரைப் பற்றிப் பேசலாம். ஈரலில் கொழுப்பு சேர்வது ஒன்று, அந்தக் கொழுப்பால் ஈரல் புண்ணாவது வேறொன்று. பலருக்குக் கொழுப்பு ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். சிலருக்குக் கிடக்காது. செல் உப்பும், உடம்பின் காவல் செல்கள் அங்கே வந்து குவியும், ஈரல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். புத்தகத்தில் அதை அழற்சி என்பார்கள். கனன்ற இடம் ஆறும்போது தழும்பாகும். தழும்பின் மேல் தழும்பு விழுந்து ஈரல் சுருங்கிப்போகும். ஸ்கேன் கொழுப்பைக் காட்டும், இந்த அழற்சியைக் காட்டாது. ஈரம் காயாத வைக்கோலைப் போர் போட்டால் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கையை உள்ளே விட்டால்தான் சூடு தெரியும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியுமா என்றால், அரைகுறையாகத் தெரியும். குடிக்காதவர்களுக்கும் இப்படி ஈரல் கெடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்துப் பெயர் வைத்து, அது நம் பத்திரிகைகளிலும் வந்திருந்தது. படித்திருந்தேன். படித்ததை வெள்ளைக்காரனுக்கு வருகிற வியாதி என்று ஒதுக்கியும் வைத்திருந்தேன்.

கூத்தாநல்லூருக்குக் கொஞ்சம் தள்ளி ஓர் அரசு ஆஸ்பத்திரியில் அப்போது வேலை. எங்கள் பக்கத்துக்கு ஸ்கேன் மெஷின் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அலுவலகத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுத வேண்டும் என்று அவ்வப்போது சர்க்குலர் வரும். கையெழுத்தை மட்டும் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, கேஸ் ஷீட்டுக்கெல்லாம் இது பொருந்தாது என்று நாங்களே முடிவு செய்துவிட்டோம். கேட்பதற்கு ஆள் இல்லை.

ஒரு நாள் காலை ஓ.பி.யில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு, தொப்பை. நான் உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் ‘டாக்டரம்மா’ என்பார்கள். இவர் அந்த ‘அம்மா’வை வெட்டிவிட்டார்.

“டாக்டர், வலப்பக்கம் விலாவுக்குக் கீழ கனமா இருக்கு. நாலு எட்டு வச்சா அசதியா வருது.”

“எந்த ஊரு?”

ஊரைச் சொன்னார். என் ஊர்தான். நான் நிமிர்ந்து பார்த்ததும் லேசாகச் சிரித்தார்.

“உங்கப்பா வயல்ல வரப்பு அண்டை வெட்டுனவன்தான். சாமிக்கண்ணு. இப்ப அதுல ஒன்றரை ஏக்கர் எம்பேர்ல இருக்கு.”

அதில் குத்தல் இல்லை. இன்றைக்கு யோசித்தாலும் இல்லை என்றுதான் படுகிறது. இருந்ததை இருந்தபடி சொன்னார், அவ்வளவுதான். எனக்குத்தான் சுருக்கென்றது. நில உச்சவரம்பு வந்தபோது அப்பா பினாமி பேர்களில் ஒளித்ததெல்லாம் போக, தப்பாத துண்டுகள் கூலிக்காரர்களுக்குப் பட்டா ஆயின. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கூலிச் சண்டை வருஷா வருஷம் அறுப்போடு சேர்ந்து வரும். நிலக்காரர்கள் வெளியூர் ஆளை இறக்குவார்கள், கொடியைப் பிடித்துக்கொண்டு கூலிக்காரர்கள் வரப்பில் நிற்பார்கள், போலீஸ் வேன் களத்துக்கே வரும். சாமிக்கண்ணு என்ற பெயர் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. களத்தில் ஆட்களுக்கென்று வைத்திருந்த கள்ளுப்பானையைக் குடிவெறியில் எட்டி உதைத்து உடைத்தவன். “கொழுப்பெடுத்த பய” என்று அப்பா முடிப்பார். சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை கேட்ட கதை.

ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவரத் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு வந்தார்.

“ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்கு” என்றேன்.

அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “எங்களுக்குக் கொழுப்புன்னு உங்க வீட்டுல சொல்றது புதுசில்லீங்களே டாக்டர். அப்ப உங்கப்பா சொன்னாரு, இப்ப மெஷினே சொல்லிடிச்சா?”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல பேச்சுதான், வேறு யார் சொல்லியிருந்தாலும் ரசித்திருப்பேன். என் முன்னால் நாற்காலியில் சாய்ந்துகொண்டு இவர் சொன்னதுதான் பொறுக்கவில்லை.

“எவ்வளவு குடிப்பீங்க?” என்று கேட்டேன். கவனியுங்கள், ‘குடிப்பீங்களா’ என்று கேட்கவில்லை.

“குடிக்கிறதில்லீங்க.”

“எப்ப நிறுத்தினீங்க?”

“ஆரம்பிச்சாத்தானே டாக்டர் நிறுத்துறதுக்கு?”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. வாய் என்ன வேணா சொல்லும். ஈரல் பொய் சொல்லாது.”

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கேஸ் ஷீட்டில் ‘டினைஸ் ஆல்கஹால்’ என்று எழுதி அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். நீங்களும் எழுதுகிறீர்கள், எனக்குத் தெரியும். குடிப்பதில்லை என்று சொல்கிறார், நம்பவா வேண்டும் என்பதுதான் அந்த இரண்டு வார்த்தைக்கு நம் ஆட்களிடையே அர்த்தம். கோடு போட்டால் சந்தேகமே வேண்டாம், ஆள் குடிகாரர்.

ரத்த ரிப்போர்ட் என் மேஜையில்தான் கிடந்தது. ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற இரண்டு நொதிகளில், குடியால் கெட்டதென்றால் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி. தூக்கலாக இருக்கும். இவருக்கு எஸ்.ஜி.பி.டி. தூக்கல். தொப்பையும் இதுவும் சேர்ந்தால் அடுத்து சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்று இன்றைக்கு இரண்டாம் வருஷ மாணவர் சொல்வார். ஈரல் உள்ளே கனன்றுகொண்டிருப்பதை அந்தத் தாள் சொல்லிக்கொண்டிருந்தது. நான் ‘கூட இருக்கு’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம் கிடைத்தாயிற்று என்று நினைத்துவிட்டால் கண் அதற்கு மேல் படிக்காது. குடியை நிறுத்துங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வரவில்லை. வராததையும் குடிக்கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

ஏழு வருஷம் கழித்து வந்தார். வந்தார் என்பது தப்பு, தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிறு நிறைய நீர், கண் மஞ்சள், வழியிலேயே இரண்டு தடவை ரத்த வாந்தி. நான் அதே ஆஸ்பத்திரியில் வார்டுக்குப் பொறுப்பாக இருந்தேன். பழைய சீட்டைத் தேடி எடுத்துக் கட்டிலில் மாட்டியிருந்தார்கள். என் இரண்டு கோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஹவுஸ் சர்ஜன் புதுச் சீட்டில் ‘ஆல்கஹாலிக் சிரோசிஸ்’, அதாவது குடியால் வந்த ஈரல் சுருக்கம், என்று எழுதிவிட்டார். நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. சீட்டு பேசியது, போதாதா?

“குடிக்கிறப்ப இனிக்குது. எங்க உசுர எடுக்கிறதுக்குன்னே வந்துடுறாங்க” என்று வார்டு நர்ஸ் அவர் காதுபடவே சொன்னதைக் கேட்டேன். கண்டிக்கவில்லை.

வயிற்று நீரைக் கொஞ்சம் இறக்கி, ரத்தம் ஏற்றி, ஆளைப் பேசுகிற நிலைக்குக் கொண்டுவந்தோம். சர்க்கரையைப் பார்த்தேன், தலையில் அடித்துக்கொள்ளும்படி இருந்தது. எத்தனை வருஷமாக இருந்ததோ. அவர் மனைவி அஞ்சலையிடம் விசாரித்தேன். சங்க வேலை, தாலுகா ஆபீஸ், நாள் முழுக்க மொபெட்டிலும் பெஞ்சிலும், மணிக்கொரு தரம் சர்க்கரை தூக்கலாக டீ, மூன்று வேளையும் குவித்த சோறு. வயலில் இறங்கி வருஷக்கணக்காகிறது. நான் ஏழு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“சோத்தைக் குறைச்சிருக்கணும்” என்று அவரிடமே சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

“அரைவயித்துக் கஞ்சிக்கு அடிபட்டவங்க டாக்டர் நாங்க” என்றார். “முழுவயித்துக்குக் கிடைச்சப்ப போதும்னு சொல்றதுக்கு யாரும் வரலை.”

மறுநாள் ரவுண்ட்ஸில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். குரல் கம்மியிருந்தது.

“ஒண்ணு செய்யணும். அந்தச் சீட்டுல நான் குடிக்கிறவன்னு இருக்காமே. மாத்தி எழுதுங்க.”

“உடம்பைப் பாருங்க முதல்ல.”

“உடம்பு தேறாது, எனக்குத் தெரியும். நம்ம ஊரு முக்குல பிராந்திக்கடை வந்துச்சு. பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டு மறியல் பண்ணி எடுக்க வச்சேன். இப்ப கடைக்காரனோட ஆளு ஊர் பூராவும் சொல்லிக்கிட்டுத் திரியிறான். சாமிக்கண்ணே ஒளிஞ்சு குடிச்சவன், ஆஸ்பத்திரிச் சீட்டுலயே இருக்குன்னு. நான் போனாப் பரவால்ல டாக்டர். கடை திரும்ப வந்துடும். நீங்க ஒரு வரி எழுதிட்டா எம் பொண்டாட்டி அதைக் கையில வச்சுக்கிட்டு நிப்பா.”

அப்போது நான் அவரை நம்பிவிட்டேன். இதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. சர்க்கரையைப் பார்த்த அன்றே, பழைய ரத்த ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்த அன்றே, எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வரி எழுத என் பேனாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் எழுதினால் இரண்டு கோடு போட்ட கை எது என்று ஹவுஸ் சர்ஜனில் இருந்து சூப்பிரண்டு வரைக்கும் பார்ப்பார்கள். ஏழு வருஷம் முன்னால் சர்க்கரைகூடப் பார்க்காமல் அனுப்பியது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

“மருத்துவத்துல ஆதாரம் இல்லாம மாத்த முடியாது. கொஞ்சம் நிலைமை தேறட்டும், ஈரல்ல ஊசி போட்டுத் துண்டு எடுத்துப் பார்த்துட்டு எழுதலாம்” என்றேன். அந்த நிலையில், நீர் கோத்து ரத்தம் உறையாமல் கிடக்கிற ஆளுக்கு, ஈரலில் ஊசி போடவே முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவர் என் கையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை.

பதினோராவது நாள் இறந்துபோனார்.

மரணச் சான்றில் காரணம் எழுத வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை வந்து மேஜைக்கு எதிரில் நின்றார். அழவில்லை.

“ஈரல் பொய் சொல்லாதுன்னு அவருகிட்ட சொன்னீங்களாம். வீட்டுக்கு வந்து சொன்னாரு, அன்னிக்கு ராச்சோறுகூடத் திங்கல. ஊசி போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்னும் சொன்னீங்களாம். இப்ப போட்டுப் பாருங்க. எடுத்துக்கிட்டுப் போங்க. அவரு சொன்னது நெசமா பொய்யான்னு அந்த ஈரலே சொல்லட்டும்.”

சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தார். சான்றை எழுதாமல் நிறுத்திவைத்துவிட்டு ஊசியில் ஒரு துண்டு எடுத்தேன். தஞ்சாவூருக்கு அதை நானே பஸ்ஸில் எடுத்துப் போனேன். அங்கே கண்ணாடித் துண்டில் திசு பார்க்கிறவர் என் வயதுக்காரர், வாயில் எப்போதும் வெற்றிலை, முகத்தாட்சண்யம் என்பது மருந்துக்கும் கிடையாது. சில நாளில் கூப்பிட்டனுப்பினார்.

“மிச்சம் மீதி கொழுப்பு இருக்கு, உப்பின செல் இருக்கு, அழற்சி இருக்கு, சுத்தி வளைச்சு தழும்பு. என்ன வேணும் உங்களுக்கு?”

“குடியா, குடியில்லையா? அதைச் சொல்லுங்க.”

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “அதை இதுகிட்டயா கேட்பாங்க? குடிச்சவன் ஈரலும் குடிக்காதவன் ஈரலும் கனன்றதுக்கப்புறம் இதுல ஒரே மாதிரிதான் தெரியும். இந்த வியாதியைக் கண்டுபிடிச்சவங்களே நோயாளி சொன்னதை வச்சுத்தான் பிரிச்சாங்க. அந்த ஆளைக் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“குடிக்கிறதில்லைன்னாரு.”

“அப்புறம் என்னத்துக்கு இதைத் தூக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?” என்று சொல்லிவிட்டுத் துப்புவதற்கு எழுந்து போனார்.

ஈரல் பொய் சொல்லாது என்று எவ்வளவு ஜம்பமாகச் சொல்லியிருந்தேன்! அது உண்மையும் சொல்லாது. சொல்லத் தெரிந்தது அந்த மனிதருக்கு மட்டும்தான், அவர் சொல்லியும் ஆயிற்று.

திரும்பி வந்து மரணச் சான்றில் ‘மது அருந்தாதவர், கொழுப்பு ஈரல் அழற்சியால் வந்த ஈரல் சுருக்கம்’ என்று எழுதினேன். எந்த ஆதாரத்தில் என்று சூப்பிரண்டு கேட்டார். நோயாளி சொன்னார் என்றேன். அவர் உதட்டைப் பிதுக்கிக் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை. இதற்குப் பயந்தா அந்த மனிதர் கேட்டதைத் தட்டிக்கழித்தேன் என்று நினைத்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

பழைய கேஸ் ஷீட்டையும் புதுச் சான்றையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முக்கில் பிராந்திக்கடை திறந்திருந்தது. புதுசாகப் பெயின்ட் அடித்த வாசனை போகவில்லை.

அஞ்சலை வாசலில் நெல் காயப் போட்டிருந்தார். அந்த ஒன்றரை ஏக்கர் நெல்லாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். சான்றைப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார். பிறகு என் கையிலிருந்த மற்றதைக் காட்டிக் கேட்டார்.

“பழசுல என்ன எழுதியிருந்தீங்க? அதைப் படிங்க.”

“அது இங்கிலீஷ்ல இருக்கு.”

“தமிழ்ல சொல்லுங்களேன்.”

வேறு வழியில்லை. வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். “குடிப்பதை மறுக்கிறார்னு எழுதியிருக்கு.”

அவர் முகம் சட்டென்று மலர்ந்தது. “அட, சரியாத்தானே எழுதியிருக்கீங்க! மறுக்கத்தானே செஞ்சாரு? ஊர்ச்சனம் பூரா குடிச்சப்ப அவரு ஒருத்தருதான் மறுத்தாரு. உங்கப்பா களத்துல கள்ளுப்பானையைக் கொண்டாந்து வைப்பாரு. குடிச்சுட்டுக் கிடந்தா கூலி நெல்லு அளக்கிறப்ப எவன் பாக்கப் போறான்? இவரு போயி, கள்ளு வேணாம், கூலியைச் சரியா அளங்கன்னு பானையை எட்டி உதைச்சாரு. நானும் அங்கதான் நின்னேன். உங்க பண்ணை ஏஜெண்டோட ஆளுங்க அடிச்சதுல காது கிழிஞ்சிச்சு. அதுக்கு முன்னயும் சரி, சாவுற வரைக்கும் சரி, சொட்டு தொட்டதில்ல. அதைத்தானே எழுதியிருக்கீங்க?”

நான் சாப்பாட்டோடு விழுங்கி வளர்ந்த கதை அது. குடிவெறியில் உடைத்தான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்து, டாக்டருக்குப் படித்து, அதையே இங்கிலீஷில் எழுதிக் கோடும் போட்டிருக்கிறேன். பேசாமல் எழுந்து வந்திருந்தால் அந்த அம்மாள் அந்த வரியைச் சந்தோஷமாக வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் அன்றைக்கும் ஒரு பொய்யை வைத்துவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.

“இல்லம்மா. இங்கிலீஷ்ல அதுக்கு அந்த அர்த்தம் இல்ல. குடிச்சுட்டு இல்லைன்னு சாதிக்கிறாருன்னு அர்த்தம்.”

அஞ்சலை நெல்லைக் காலால் துழாவினார். முக்குக் கடையில் யாரோ பாட்டைப் போட்டு சத்தமாக வைத்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“தமிழ்லயே எழுதியிருக்கலாமேம்மா” என்றார்.